கைவிளக்கும் பேயரசனும்

வீடியோ கேமுக்குள் பனி மூடிய ஒரு மண்டபம். பேயரசனின் எதிரே நின்ற வீரனுக்கு மிஞ்சியிருந்தது ஒரே உயிர். அதுவும் போனால் ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

“இவ்வளவு வெளிச்சம் காட்டியும் உனக்குக் குத்தத் தெரியலையே!” என்று அவன் வாளைக் கடிந்துகொண்டது அவன் கைவிளக்கு.

“உன் வெளிச்சம் பட்டா அவன் புகையாயிடறான், அக்கா. புகையை எங்கே குத்த? கொஞ்சம் அணைஞ்சுதான் பாரேன்,” என்றது வாள்.

“நான் இல்லாம நீ கிழிச்சே!”

பேயரசன் கை ஓங்கினான். வீரனின் கடைசி உயிரை நினைத்த விளக்கு, மனமில்லாமல் அணைந்தது.

இருட்டில் ஏதோ கனமாகச் சரிந்தது. வெற்றி இசை மெல்ல மிதந்து வந்தது.

“எப்படி விழுந்தான்? ஒரே ஒரு தடவை எரிஞ்சு பார்த்துக்கட்டுமா?” என்றது விளக்கு.

“பாட்டு முடியட்டும், அக்கா.”