எட்டுக்கால் பயம்

“அத்தை! ஓடி வாங்க! சிலந்தி, கையகலம் இருக்கு!”

“ஓடி வர்றதா? இந்தக் காலை வச்சுக்கிட்டா?” கட்டிலில் இருந்தபடியே மாமியார் கேட்டாள். “துடைப்பத்தால வெளியே தள்ளி விடேன்.”

“ஐயோ, மேல ஏறிடும்! அடுப்பு பக்கம் போக விடாம வழி மறிச்சுக்கிட்டு நிக்குது.”

“அது என்ன போலீஸா, வழி மறிக்க?”

செங்கல் சூளையில் கல் சுமந்தே குடும்பத்தை நிமிர்த்தியவள் மாமியார். பலகையில் கால் வழுக்கி விழுந்ததில் தொடை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, இனி நடக்காவிட்டால் கால் விறைத்துப்போய் ஆயுசுக்கும் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் தரையைப் பார்த்தாலே அவளுக்கு மறுபடியும் விழுவதுபோல இருந்தது. மருமகள் கெஞ்சினாள், கையைப் பிடித்து இழுத்தாள், சாப்பாட்டை எட்டாத இடத்தில் வைத்துக்கூடப் பார்த்தாள். மாமியார் அசையவில்லை. கடைசியில் மருமகளும் சலித்துப்போய் விட்டுவிட்டாள்.

அதற்கப்புறம்தான் இந்தச் சிலந்தித் தொல்லை. வயலை ஒட்டிய ஓட்டு வீடு. மழை பெய்தால் செடியில் இருப்பதெல்லாம் உள்ளே வரும். டவுனில் வளர்ந்த பெண்ணுக்கு இதெல்லாம் பழக்கமில்லை. முதலில் அறை வாசலில் ஒன்றைப் பார்த்துக் கத்தினாள். அப்புறம் கூடத்தில். இரண்டு தடவையும் மாமியார்தான் தட்டுத்தடுமாறி எழுந்து வந்து அதை விரட்டினாள். இப்போது சமையலறையில்.

பயந்துபோய் இவள் பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டால்? மகனோ லாரியோடு ஊர் ஊராகச் சுற்றுகிறவன். மாமியார் சுவரைப் பிடித்தாள், கதவைப் பிடித்தாள், முனகிக்கொண்டே சமையலறைக்கு வந்து சேர்ந்தாள். சிலந்தியின் மேல் டம்ளரைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகித் தூக்கினாள்.

“பாரு, எவ்வளவு சாது! இதுங்க இல்லேன்னா கொசு நம்ம ரெண்டு பேரையும் தூக்கிட்டே போயிருக்கும். சூளையில என் சாப்பாட்டு டப்பா மேலயே உக்காந்திருக்கும். ஊதி விட்டுட்டுச் சாப்பிடுவேன்.”

“நீங்க பெரிய வீராதி வீரர்தான் அத்தை. ஜன்னல் வழியா விட்டுடுங்க. என் கையில மட்டும் குடுத்துடாதீங்க!”

“உன்னை எப்படித்தான் என் மகன் கட்டி மேய்க்கிறானோ!”

மறுநாள் காலை மாமியாருக்குத் தாகம் எடுத்தது. மருமகளைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீரைக் குடித்த பிறகுதான், வழியில் தான் எதையுமே பிடிக்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. சந்தோஷத்தைச் சொல்ல மருமகளைத் தேடி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

வேலியோரம் நின்றிருந்தாள் மருமகள். அவளுடைய வெறுங்கையில், உள்ளங்கையிலிருந்து புறங்கைக்கு ஒரு பெரிய சிலந்தி நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது.

“பயப்படாதே செல்லம், அத்தை உன்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்க,” என்று அதனிடம் கொஞ்சினாள். “இன்னைக்கு உன்னைக் கிணத்தடியில விட்டுட்டுக் கத்தப் போறேன். அவ்வளவு தூரம் வந்துட்டாங்கன்னா போதும், அப்புறம் அவங்களை யாரும் பிடிக்க முடியாது!”

மாமியாருக்குக் கண் நிறைந்துவிட்டது. சத்தம் காட்டாமல், விறுவிறுவென்று கட்டிலுக்கு நடந்துபோய், போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, எழுந்திருக்கவே முடியாதவளைப்போல் முனகத் தொடங்கினாள்.