பத்தாவது கதவு

“போலீஸ்காரி வந்துட்டா. எல்லாரும் உள்ள போங்க.”

எங்கள் தெருவின் மூத்தவள் தோன்யா குக்கா தன் வீட்டு வேலியோரம் நின்று இதைச் சொல்லாத நாள் கிடையாது. மூன்று வருடமாக, நெரேய்தா கல்லூரியிலிருந்து திரும்பும் நேரம் பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி.

அந்தப் பெண் செய்த குற்றம், உள்நாட்டுப் பாதுகாப்பு என்ற படிப்பில் சேர்ந்தது. டெக்சஸில், மெக்சிகோவைப் பிரிக்கும் ஆற்றுக்கு இந்தப் பக்கம் இரண்டு மைலில் இருக்கிறது எங்கள் தெரு. இங்கே ஒரு பெண் நர்ஸ் ஆகலாம், டீச்சர் ஆகலாம். எல்லைக் காவல்காரனை உண்டாக்குகிற படிப்பைப் படிக்கலாமா?

நெரேய்தாவும் லேசுப்பட்டவள் இல்லை. கேடயச் சின்னம் போட்ட கல்லூரிச் சட்டையை வேண்டுமென்றே மாட்டிக்கொண்டு ரொட்டிக் கடைக்குப் போவாள். ஒருநாள் வேலியருகே நின்றேவிட்டாள். சொந்தம் இல்லாவிட்டாலும் குக்காவை அவள் அத்தை என்றுதான் கூப்பிடுவாள்.

“அத்தை, அந்தப் படிப்பு எல்லைக் காவலுக்கு மட்டும் இல்ல. ஏர்போர்ட்ல பைய சோதிக்கிறவன், கம்ப்யூட்டர்ல திருடுறவனப் பிடிக்கிறவன், புயல் வந்தா சனங்கள வெளியேத்துறவன், எல்லாரும் அதைத்தான் படிக்கிறாங்க. நான் புயல் வேலைக்குப் போறேன்.”

“எல்லாம் ஒரே கூட்டம்தான்டி.”

“ஆமா. அந்தக் கூட்டத்துக்குள்ள நம்ம ஆளு ஒருத்தர் வேணும். போன புயல்ல பஸ் வந்து நின்னுச்சு. குடியுரிமைக் காகிதம் கேப்பாங்கன்னு பயந்து பாதித் தெரு ஏறல, கூரை மேல உக்காந்திருந்துச்சு. அந்த பஸ்ஸ நான் அனுப்பினா ஏறுவீங்கல்ல?”

“நீ அனுப்புற பஸ்ஸுல என் நாய்கூட ஏறாது.”

தெரு குறுகல்; எதிர்வீட்டில், என் தாழ்வாரத்தில் காபி குடித்தபடி நான் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். குக்காவின் வாய்க்கு யார் பதில் சொல்வது?

படிப்பு முடிந்ததும் மத்திய அரசின் பேரிடர் உதவிப் பிரிவில் நெரேய்தாவுக்கு வேலை வந்தது. ஒரே ஒரு நிபந்தனை. விசாரணை அதிகாரி நேரில் தெருவுக்கு வருவார். சொந்தக்காரர் அல்லாத அக்கம்பக்கத்தார் ஒருவராவது, இவளை வெகுநாளாகத் தெரியும், நல்லவள் என்று தன் பெயரைக் கொடுத்துச் சொல்ல வேண்டும்.

மற்ற ஊர்களில் இது பெரிய விஷயமே இல்லை. எங்கள் தெருவில் நடக்காத காரியம். சட்டையில் அரசாங்க அட்டை மாட்டியவன் கதவைத் தட்டினால் டிவியை நிறுத்து, திரையை இழு, மூச்சு விடாதே. நடக்கப் பழகும் முன்பே இங்கே பிள்ளைகள் இதைப் படித்துவிடும். காகிதம் இருக்கிற வீடு, இல்லாத வீடு என்ற பேதம் இதில் கிடையாது. யாரிடம் இருக்கிறது என்று நாங்கள் பேசிக்கொள்வதும் கிடையாது.

நெரேய்தாவின் அம்மா இர்மா அழுதாள். வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொள், குக்காவிடம் ஒரு மன்னிப்பையும் கேட்டுவிடு என்றாள்.

“கதவத் திறக்குறதும் திறக்காததும் அவங்க இஷ்டம்மா. படிச்சதுக்காக நான் யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்க மாட்டேன். இந்த வேலை போனா போகட்டும். அடுத்த வருஷம் மறுபடி மனு போடுவேன்.”

வியாழக்கிழமை மதியம் அதிகாரி வந்தார். முதல் வீட்டைத் தட்டினார், நாய் குரைத்தது. இரண்டாவது வீட்டில் ரேடியோ சட்டென்று நின்றது. இப்படியே ஒன்பது வீடு. நல்ல வெயில், பாவம், கழுத்தைத் துடைத்துக்கொண்டே நடந்தார்.

பத்தாவது வீடு குக்காவுடையது. கதவு திறந்தது. அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார்.

தெருவே பதறியது. மூன்று வருட வன்மத்தையும் கொட்டியிருப்பாள், பெண்ணின் பிழைப்பில் மண் விழுந்தது என்றே நினைத்தோம்.

சாயங்காலம் செய்தி கேட்டு நெரேய்தா நேராக அங்கே போனாள். படியில்கூட ஏறவில்லை.

“என்ன சொன்னீங்க அந்த ஆள்கிட்ட?”

“வாய்க்கொழுப்பு ஜாஸ்தின்னு சொன்னேன். பெரியவங்களுக்கு மரியாதை தெரியாதுன்னு சொன்னேன்.” குக்கா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. “பொய் பேச மாட்டா, பயப்பட மாட்டா, புயல் அடிச்சா இந்தத் தெருவுக்கு முதல் ஆளா வந்து நிப்பா, அவளுக்கு வேலை கொடுக்கலன்னா உங்க ஆபீசுக்குத்தான் நஷ்டம்னு சொன்னேன்.”

நெரேய்தா படிக்கு இன்னும் கிட்டே வந்தாள்.

“அப்ப மூணு வருஷமா என்னத் திட்டினது?”

“உன்ன மூஞ்சிக்கு நேரா திட்ட எனக்கு உரிமை இருக்கு. வெளியாள் வந்து கேட்டா விட்டுக்கொடுப்பேனா?”

நெரேய்தா ஒரு படி ஏறினாள். குரல் இறங்கிவிட்டது.

“அத்தை, உங்க பேரு எழுதிக்கிட்டாரா?”

“எழுதினாரு. பேரு, பொறந்த தேதி, விலாசம், எல்லாம் கேட்டாரு. எல்லாம் நிஜத்தையே சொன்னேன். கையெழுத்தும் போட்டேன்.”

நெரேய்தா அந்தப் படியிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவள் ஏன் அழுகிறாள் என்று தெரியும்.

குக்காவும் நானும் ஒரே வருடம் ஆற்றைக் கடந்து வந்தவர்கள். நான் வாங்கிய குடியுரிமைச் சான்றிதழ், அன்று மதியம் நான் திறக்காத கதவுக்குப் பக்கத்துச் சுவரில்தான் சட்டம் போட்டுத் தொங்குகிறது. குக்காவிடம் இன்றுவரை ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.