கடைச் சோப்பு

"சோப்பைக்கூடவா யும்மா ஒளிச்சு வைக்கணும்?"

"சோப்பைத்தான்டி முதல்ல ஒளிக்கணும்" என்றாள் இப்திஸாம். "போன தடவை வந்தவ கையைக் கழுவிட்டு மோந்து பார்த்து என்ன கேட்டா? 'உங்க வீட்டுல யாரு ஃபலாஃபில் கடை வெச்சிருக்கா?'ன்னு கேட்டா. போனவ போனவதான்."

மகள் நஸீஹா குனிந்து ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினாள். ஃபலாஃபில் கடையில் பொரித்துக் கழித்த எண்ணெயைக் கேட்டு வாங்கி, வடிகட்டி, சோடாக் காரம் போட்டுக் காய்ச்சி, மொட்டைமாடியில் அவளே உலர்த்திய சோப்புக் கட்டிகள். எல்லாம் கட்டிலுக்கு அடியில் போயின. பின்னாலேயே ஆப்பிள் தோலில் ஊறவைத்த வினிகர், வெயிலில் வற்றவைத்த தக்காளி விழுது, ஆலிவ் ஊறுகாய் ஜாடிகள், தேநீர் குடிக்கிற ஜாம் பாட்டில்கள். கிழிந்த காலுறைகளை அடைத்துத் தைத்த திண்டுகளும் போயின. முதல் தடவை வந்த மாப்பிள்ளை வீட்டாரின் முதுகுக்குப் பின்னால் ஒரு காலுறையின் குதிகால் எட்டிப் பார்த்து மானத்தை வாங்கியிருந்தது.

ஸர்கா நகரத்தின் அந்தத் தெருவில், அப்பா இல்லாத முப்பத்து மூன்று வயதுப் பெண்ணைக் கேட்டு மூன்றாவதாக ஒரு வீட்டார் வருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. இதுவும் தட்டிப்போனால் இனி யாரும் படியேறப் போவதில்லை. அது தாய்க்கும் தெரியும், மகளுக்கும் தெரியும்.

மேல்வீட்டு உம்மு வஜீஹ் கை நிறையச் சாமான்களோடு இறங்கி வந்தாள். வெல்வெட் திண்டுகள், பூப்போட்ட காபிக் கோப்பைகள், வெளிநாட்டு சாக்லேட் டப்பா, அமுக்கினால் ரோஜா வாசனையோடு வழிகிற சோப்பு பாட்டில்.

"ஒரு அமுக்கு போதும்னு சொல்லிடு இப்திஸாம். வர்றவ பாட்டிலைப் பிழிஞ்சு எடுத்துட்டா என் புருஷன் என்னைப் பிழிஞ்சிடுவான்!"

அவள் சிரித்தாள். இப்திஸாமுக்குச் சிரிப்பு வரவில்லை.

"யும்மா, இப்போ கேட்டு வர்றாங்களே, அந்த ஸாமிரை நான் ஒருநாள் பஸ்ல பார்த்தேன்" என்றாள் நஸீஹா மெல்ல. "சட்டைக் காலர் கிழிஞ்சதைத் திருப்பித் தைச்சுப் போட்டிருந்தார். அவ்வளவு சுத்தமான தையல். எனக்குப் பிடிச்சிருந்தது யும்மா. நாம நாமாவே இருந்தா என்ன?"

"நாமாவே இருந்துதானே ரெண்டு பேரை விரட்டினோம்? வாயை மூடிக்கிட்டு காபியைக் கொண்டுவா."

ஸாமிரின் தாயும் அவளுடைய அண்ணனும் வந்தார்கள். ஸாமிரின் தாய் என்பதால் உம்மு ஸாமிர் என்று அழைக்கப்பட்ட அவள் அதிகம் பேசாதவள். கை கழுவப் போனவள் வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள். வெல்வெட் திண்டில் சாயாமல் நுனியில் உட்கார்ந்தாள்.

"ஆலிவ் எல்லாம் வீட்டுலயே போடுவீங்களா?"

"எதுக்குக்கா அந்தத் தொல்லை? கடையில டப்பா டப்பாவா கிடைக்குதே!"

"சோப்பு..?"

"ஐயோ, அந்த நாத்தம் பிடிச்ச வேலையெல்லாம் என் பொண்ணுக்குத் தெரியவே தெரியாது. ராணி மாதிரி வளர்த்திருக்கேன்."

உம்மு ஸாமிர் தன் அண்ணனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

நஸீஹா தட்டோடு வந்தாள். பெண் கேட்க வந்தவர்கள் கோப்பையைத் தொடாமல் கீழே வைத்து, 'எங்க வேண்டுதலுக்குச் சரின்னு சொல்லுங்க, அப்புறம் குடிக்கிறோம்' என்று சொல்ல வேண்டும். அதுதான் கேட்கிற முறை. இப்திஸாம் உம்மு ஸாமிரின் கையையே பார்த்திருந்தாள்.

உம்மு ஸாமிர் கோப்பையை எடுத்தாள். ஒரு நிமிடம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு வாயில் வைத்து வண்டல் தெரியக் குடித்து முடித்தாள்.

"உங்க வீட்டுல எப்பவும் பரக்கத் இருக்கட்டும்" என்று எழுந்தாள்.

கதவு சாத்தியதும் நஸீஹா அந்தக் காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அவள் அழுகிற சத்தம்கூட வரவில்லை. இப்திஸாம் இரவல் திண்டுகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். பெற்றவள் இன்னும் என்னதான் செய்ய முடியும்?

அப்போது மாடிப்படியில் அந்த அண்ணனின் குரல் கேட்டது.

"ஏன்மா கேட்காமலே எழுந்துட்டே?"

"எந்த வாயால கேட்கச் சொல்றே?" உம்மு ஸாமிரின் குரல் உடைந்திருந்தது. "சோப்புகூடக் காசு குடுத்து வாங்காத வீடு, அந்தப் பொண்ணு கைபட்டா ஒண்ணும் வீணாகாதுன்னு ஃபலாஃபில் கடைக்காரர் சொன்னதை நம்பித்தானே வந்தோம். வேலை போய் உட்கார்ந்திருக்கான் என் பிள்ளை. இப்படி ராணியா வளர்ந்தவளைக் கூட்டிட்டுப் போய் நான் எதைப் போட்டு வாழவைப்பேன்?"

இப்திஸாம் கட்டிலுக்கு அடியில் பாய்ந்தாள். கைக்கு அகப்பட்ட கட்டியை எடுத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் படிகளில் உருண்டு விழாத குறையாக ஓடினாள். தெருவாசலில் அவர்களைப் பிடித்துவிட்டாள்.

"அக்கா! இதோ பாருங்க! என் பொண்ணு காய்ச்சினது! அல்லாஹ் மேல ஆணையா அவ கையால காய்ச்சினது!"

உம்மு ஸாமிர் அந்தச் சோப்பை வாங்கி மோந்து பார்த்தாள். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"ரொம்ப நல்லாக் காய்ச்சியிருக்காங்க" என்று அதை இப்திஸாமின் கையிலேயே வைத்து, விரல்களை மெதுவாக மூடினாள். "நாங்க படியில பேசினது உங்க காதுல விழுந்திருக்கும். பாவம், இதை யார் வீட்டுல இரவல் வாங்கிட்டு ஓடி வந்தீங்களோ, திருப்பிக் குடுத்துடுங்க தங்கச்சி."