பச்சை விளக்கு எரியுதா?

“ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பத்து மணியானா அந்த ராஜப்பன் வீட்டு கேட்வே மட்டும் செத்துப்போகுது. போய், கரண்ட் போனாலும் அணையாத மாதிரி பேட்டரியை மாட்டிட்டு வா” என்று ஓசூர் ஆபீஸில் குருமூர்த்தி விரட்டியிருந்தார்.

அஜித்குமாருக்கு எரிச்சல். சிங்காரப்பேட்டைக்குப் பைக்கில் இரண்டரை மணி நேரம்!

ராஜப்பனின் மாந்தோப்பில் பன்னிரண்டு சென்சார்கள். மண்ணின் ஈரத்தை அளக்கும் அவற்றுக்கு ஓசூர் வரை பேசத் தெரியாது. வீட்டுச் சுவரில் இருக்கும் கேட்வே பெட்டியிடம் சொல்லும். பெட்டிதான் ஆபீஸுக்குச் சொல்லும். பெட்டி அணைந்தால் பன்னிரண்டும் ஊமை.

அவன் போனபோது பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் ராஜப்பன். பத்து அடித்ததும் எழுந்து, பிளக்கைப் பிடுங்கினார்.

“என்னங்கய்யா, நீங்களேவா பிடுங்கறீங்க! உங்களால நாங்க திட்டு வாங்கறோம்.”

“கொஞ்சம் பேசாம இருப்பா.”

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“வணக்கம் சார். உங்க கேட்வே ஆஃப் ஆயிருக்கு.”

மணிமேகலை மேடம். ஆபீஸிலிருந்து இந்தப் பக்கத்து விவசாயிகளிடம் அவர்தான் பேசுவார்.

“ஆமாம்மா, அணைஞ்சுபோச்சு.”

“பிளக்கைப் பாருங்க சார்.”

“பாக்கறேன். வெச்சிடாத.” அவர் நகரவேயில்லை.

“மெதுவா பாருங்க சார்.” குரல் தணிந்தது. “சுகர் மாத்திரை போட்டீங்களா?”

“போட்டேன்.”

ஆபீஸ் கொடுத்த கேள்விகளில் மாத்திரை கிடையாதே! அஜித்குமார் நிமிர்ந்தான். கேட்வேக்கு மேலே ஒரு போட்டோ. பள்ளிச் சீருடையில், கையில் பரிசுக் கோப்பையோடு மணிமேகலை மேடம்.

ராஜப்பன் பிளக்கை மாட்டினார்.

“பச்சை விளக்கு எரியுதா சார்?”

“எரியுதும்மா.”

“சரிங்க சார். நன்றி.”

போன் அடங்கிய பிறகும் அவர் அதைக் கீழே வைக்கவில்லை.

“எம் பொண்ணு. அவ இஷ்டத்துக்குக் கட்டிக்கிட்டா. இனிமே உங்கூடப் பேச்சே இல்லைன்னு ஊர் முன்னாடி சொல்லிட்டேன். மூணு வருசமாச்சு.”

“நீங்களே கூப்பிடலாமேங்கய்யா?”

“எந்த மூஞ்சியோட கூப்பிடறது?” அவன் பையைப் பார்த்தார். “பேட்டரி போட்டா அணையவே அணையாதா தம்பி?”

“அணையாதுங்க.”

“சரி, மாட்டிட்டுப் போ. என்னால நீ எதுக்குத் திட்டு வாங்கணும்?”

அஜித்குமார் பையைத் திறந்தான். பேனாவை மட்டும் எடுத்து ரிப்போர்ட் எழுதினான்:

“இந்த வீட்டுக்குப் பேட்டரி ஒத்துவராது. செவ்வாய்தோறும் மணிமேகலை மேடம் போன் செய்தால் போதும்.”