ஞாயிற்றுக்கிழமை முதுகு

மெக்சிகோவின் ஹலாப்பா நகரக் கலைப் பள்ளியில் ஒரு வழக்கம்: புகைப்படத்தை அலசும்போது எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. இந்த முறையும் தேறாவிட்டால் மாணவி யாரெட்சி மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

சுவரில் அவள் எடுத்த படம். சாப்பாட்டுக் கடையில் தனியாகச் சூப் குடிக்கும் ஒருவரின் முதுகு. கீழே ‘ஞாயிறு’ என்று தலைப்பு.

பேராசிரியர் எவரிஸ்தோ செருமினார். “பாருங்க! உலகமே கைவிட்ட முதுகு. ஞாயித்துக்கிழமைகூட சாப்பிடக் கூப்பிட ஆளில்ல. இதெல்லாம் என்னை மாதிரி கலைஞன் கண்ணுக்குத்தான் தெரியும்!”

வகுப்பில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. எல்லோரும் சொக்கிப்போய்விட்டதாக நினைத்து, இன்னும் அரை மணி நேரம் பேசினார்.

“சரி, இப்ப நீ பேசலாம். இவர அடிக்கடி பாப்பியா?”

“வாரா வாரம், மாயெஸ்த்ரோ. நானும் பக்கத்து மேசையில தனியாத்தான் சாப்பிடுவேன்.”

“கல்நெஞ்சுக்காரி! கிட்டப் போய் ஒரு வார்த்தை பேசினா குறைஞ்சா போயிடுவ?”

யாரெட்சி தரையைப் பார்த்தாள்.

“பேசலாம்னு ரெண்டு தடவை எழுந்தேன். நீங்கதான் தலையே நிமிரல.”

எவரிஸ்தோவின் கை தானாகப் பிடரியைத் தடவியது.

“தேறிட்ட” என்றார், படத்தைப் பார்க்காமல். ஒரே சொல்லில் அவர் முடித்த முதல் விமர்சனம் அது.