பாவின் இரு முனைகள்

விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், சின்ன காஞ்சிபுரத்துத் தெருவில் சேலைக்கான பட்டிழைகள் அரக்கு நிறப் பாவாக நீண்டு கிடக்கின்றன, கண்ணுகளா. ஒரு முனையை நெசவாளி ஏகாம்பரம் இழுத்துப் பிடித்திருக்கிறார். மறுமுனையில், கடற்படைப் பயிற்சிக் கப்பலிலிருந்து நேற்று வந்த அவர் மகன் தயாநிதி. நடுவே அறுந்த இழைகளை முடிந்துகொண்டே பக்கத்து வீட்டுச் சரோஜா சீண்டுகிறாள். “இன்னாபா, நட்சத்திரத்தைப் பார்த்தே கப்பலுக்கு வழி சொல்லுவியாமே? தோ, ஒண்ணு மின்னிக்கினு இருக்குது. வடக்கு எதுன்னு சொல்லு!” “அவன் சொன்னா கப்பலே திரும்பும்மா” என்கிறார் ஏகாம்பரம். தெருவே சிரிக்கிறது. தயாநிதி வானத்தைப் பார்க்கவில்லை. கஞ்சி ஈரம் காயாத இழைகளையே பார்க்கிறான். “இல்லபா. கப்பல் நிக்கிற எடத்தை மேப்புல தப்புத் தப்பா குறிச்சேன். பயிற்சியில இருந்து வெளிய அனுப்பிட்டாங்க.” சரோஜாவின் விரல்கள் முடிச்சிலேயே நின்றுவிடுகின்றன. வீட்டுக்குள் ஓடிவிட அவனுக்கு வழியில்லை; கையை விட்டால் பாவு சிக்கலாகிவிடும். அப்பாவுக்கும் அதே கதிதான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நிற்கிறார்கள். காது சிவக்க அவன் தலை குனிகிறான். பாவு மெல்லத் தொய்கிறது. “தொங்குது பாரு” என்கிறார் ஏகாம்பரம். “இழுத்துப் புடிபா.”