பட்டியலில் இல்லாத காது

ஒரகடம் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஜெசிந்தா, கம்பெனியின் சலுகைப் பட்டியலில் மதியச் சாப்பாட்டையும் விடுப்பையும் விட்டுக்கொடுத்து, மகள் ரோஸ்லினின் செவிக்கருவி இயங்கத் தேவையான மாதச் சந்தா இணைப்பைத் தேர்ந்தெடுத்திருந்தாள். திங்கட்கிழமை கம்பெனி இரண்டாகப் பிரிந்தது. அன்று காலை, பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ரோஸ்லினுக்குத் திடீரென்று எதுவும் கேட்கவில்லை.

மனிதவள அதிகாரி பரணிதரன் திரையைப் பார்த்தபடியே சொன்னார்: “உங்கள புதுக் கம்பெனிக்கு மாத்திட்டாங்கம்மா. அவங்க லிஸ்ட்ல காது இல்ல. ஜிம் இருக்கு, போட்டுடவா?”

“எம்பொண்ணு காத அணைச்சிட்டு எனக்கு ஜிம்மா?”

“அடுத்த ஏப்ரல்ல கேட்டுப் பாருங்க.”

ஜெசிந்தா நேராகப் போய், சிவப்புப் பொத்தானை அழுத்தித் தன் உற்பத்தி வரிசையை நிறுத்தினாள். சூப்பர்வைசர் ஓடிவந்து, மறுபடி ஓட்டச் சொல்லிக் கத்தினார்.

“எனக்கும் கேக்கல சார்” என்றாள். பொத்தானிலிருந்து கையை எடுக்கவில்லை. பக்கத்து வரிசையும் நின்றது.